கசப்பும் குளிரும்: மலையக நோக்கில் ஒரு மறுப்புரை

ஒரு பானத்தை எந்த வெப்பநிலையிற் பருக வேண்டும் என்பது கட்டுரை எழுதி வாதிட வேண்டிய விடயமன்று என்பதே பெரும்பாலோரின் எண்ணமாகும். தேநீர் என்றாற் சூடு, பியர் என்றாற் குளிர். இவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. ஆயினும், கேள்விக்கு உட்படாமல் நிலைத்துவிட்ட எந்த வழக்கத்தையும் ஒருமுறையேனும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பது கலைப்பீட மாணவரின் கடமைகளுள் ஒன்றாகும். நீர் உறைவதற்கு இரண்டு மூன்று பாகை முன்னதாகவே பியர் பருகப்பட வேண்டும் என்ற வழக்கம் அத்தகையது. நகரத்து விடுதியிலும் கிராமத்து மதுக்கடையிலும் அது ஒருசேர ஆட்சி செலுத்துகின்றது. அதன் நியாயத்தை எவரும் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை.

இக்கட்டுரை நிறுவ முனைவது இதுதான்: ஹொப்ஸ் மிகுந்த கசப்புப் பியரை உறைநிலையை அண்டிய குளிரிற் பரிமாறுதல் பிழை. அதற்குரிய வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகைக்கும் 13 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்டது. அதற்குக் கீழே குளிரூட்டும் வழக்கம் சுவையறிவின் விளைவன்று. குடியேற்ற ஆட்சிக்கால அந்தஸ்தின் எச்சம். சமவெளியில் அதற்கு வெயிலாவது சாட்சிக்கு வரும். மலையகத்தில் அதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

முதலில் எழக்கூடிய கண்டனத்தை முதலிலேயே எதிர்கொள்வது நேர்மையாகும். தவறணையும் கசிப்பும் குடும்பங்களைச் சிதைக்கும் தோட்டப்புறத்திலே பிறந்த ஒருவர், தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே, பியரின் வெப்பநிலை பற்றிப் பேசலாமா என்று கேட்போர் உண்டு. அவர்களது கவலையை நான் மதிக்கின்றேன். வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அதே வேளை, மலைபடுகடாம் முதலிய சங்க நூல்கள் குறிஞ்சி நில மக்கள் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலைப் பற்றியும் பேசுகின்றன. அறத்தைச் சொன்ன இலக்கியமும் வாழ்க்கையைச் சொன்ன இலக்கியமும் நமது பாடத்திட்டத்தில் அருகருகே உள்ளன. ஒன்றைப் படிப்பதனால் மற்றது கெட்டுப்போய்விடவில்லை.

குடிக்காதவரைக் குடிக்குமாறு இக்கட்டுரை அழைக்கவில்லை. சுவையறிந்து குடிப்பவர் குறைவாகவே குடிப்பார் என்று வாக்குறுதி அளிக்கவும் இல்லை. அத்தகைய எளிய மருந்து எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நமது சமூகத்தை அழித்துவரும் குடி, சுவையைக் கேட்காத குடியாகும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, நாவிற் பட்ட நினைவை ஒரு துண்டு ஊறுகாயினால் அழித்துவிடும் குடி அது. அங்கே பானத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி ஒன்றேயொன்றுதான்: எவ்வளவு கடுமை? பியரிலும் அதே கேள்வி வந்து குந்திவிட்டது. 4.8 சதவீத மதுசாரம் உள்ளதா, 8.8 சதவீதம் உள்ளதா என்பதைத் தவிர வேறெதையும் கேட்காத ஒருவரின் முன்னால், வடிப்பவருக்குத் தரத்தைப் பற்றிய எந்த நிர்ப்பந்தமும் இல்லை. கடுங்குளிர் அந்த நிலையை மேலும் உறுதிப்படுத்துகின்றது. நாவை மரத்துப்போகச் செய்த பின்னர் நாவின் தீர்ப்பைக் கேட்பதில் என்ன பயன்? ஆகவே, வெப்பநிலை பற்றிய இந்த விவாதம் குடிக்கு ஆதரவான விவாதமன்று. தான் விலை கொடுத்து வாங்கியது என்னவென்று அறியும் உரிமை பற்றிய விவாதமாகும்.

இனி விடயத்துக்கு வருவோம். பியர் முளைவிட்ட வாற்கோதுமை, நீர், மதுவம், ஹொப்ஸ் ஆகிய நான்கினாலும் ஆவது. ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூங்கொத்து. கோடையில் நீண்ட பகற்பொழுதை வேண்டி நிற்கும் இக்கொடி உயர் அகலாங்குகளிலேயே செழிக்கும். இந்தியாவிற்கூட இமயத்தின் மடியிலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கிலேதான் அது பயிராகின்றது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாயிருக்கும் நம் நாட்டில் அதற்கு இடமில்லை. எனவே இலங்கையில் வடிக்கப்படும் பியரின் கசப்பு தொடக்கம் முதலே கடல்கடந்து வந்த கசப்பாகும்.

ஹொப்ஸ் பியருக்கு இரண்டு கொடைகளை நல்குகின்றது. ஒன்று கசப்பு. பூவிலுள்ள அல்பா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. பியரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் அவை தடுக்கின்றன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வெளிறிய பியரில் ஹொப்ஸ் தாராளமாகச் சேர்க்கப்பட்டமைக்கு இக்காவற் குணமே காரணம். லண்டனின் போ பகுதியிலிருந்த ஹொட்ஜ்சன் வடிசாலையும், 1820களிலிருந்து பேர்ட்டன் நகர வடிசாலைகளும் அவ்வாறு அனுப்பிய பியரின் வழித்தோன்றலே 'இந்தியா பேல் ஏல்' என இன்று உலகெங்கும் அறியப்படுவது. நான்கைந்து மாதக் கடற்பயணத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்பட்ட கசப்பு, பின்னர் அதன் பொருட்டே விரும்பப்படலாயிற்று.

மற்றைய கொடை நறுமணம். ஹொப்ஸின் எண்ணெயிலே மிர்சீன், லினலூல், ஹியுமுலீன் முதலிய ஆவிப்பறப்புள்ள சேர்வைகள் உள்ளன. எலுமிச்சைத் தோல், பைன் மரப்பிசின், மலர், பச்சைப்புல் என்றெல்லாம் பியரில் மணப்பவை இவையும் இவை போன்றவையுமே. 'ஆவிப்பறப்புள்ள' என்ற சொல்லிலேயே நமது வாதத்தின் பாதி அடங்கியிருக்கின்றது. ஆவியாகப் பறந்து மூக்கை அடைந்தாலன்றி மணம் மணமாகாது. திரவம் குளிரக் குளிர ஆவிப்பறப்புக் குறையும். மூன்று பாகையிலுள்ள பியரில் அந்த எண்ணெய்கள் இல்லாமற் போய்விடவில்லை, பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன.

குளிர் மூக்கை மட்டும் ஏமாற்றுவதில்லை. நாவின் சுவைக் கலங்களில் இனிப்பு, கசப்பு முதலிய சுவைகளை உணர்த்துவதிற் பங்கேற்கும் டி.ஆர்.பி.எம்.5 என்னும் அயன் வழியொன்று உண்டு. அது வெப்பத்தில் எழுச்சியும் குளிரில் மந்தமும் அடைவதை 2005ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இனிப்புச் சுவை வெப்பநிலையோடு கூடிக் குறைவதற்கு அதுவே காரணமெனவும் விளக்கியது. ஹொப்ஸ் மிகுந்த பியரின் அழகு, வாற்கோதுமையின் இனிமையும் ஹொப்ஸின் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதிலே உள்ளது. அத்தகைய பியரை உறையக் குளிரூட்டினால் இனிமை ஒடுங்குகின்றது, நறுமணம் அடங்குகின்றது, துணையிழந்த மொட்டைக் கசப்பும் காபனீரொட்சைட்டின் குத்தலுமே எஞ்சுகின்றன. "இந்தப் பியர் வெறுங் கசப்பு, வாய்க்கு ஒவ்வாது" என்று கூறிக் குவளையைத் தள்ளிவைப்பவர் பியரைச் சுவைக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியைச் சுவைத்திருக்கின்றார்.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். வெப்பநிலை கூடக்கூட நன்மையும் கூடிக்கொண்டே போவதில்லை. திரவம் சூடேறக் காபனீரொட்சைட்டின் கரைதிறன் வீழ்கின்றது. பூச்சியப் பாகையில் நீரிற் கரையும் வாயுவின் அளவிற் பாதியளவே 20 பாகையிற் கரையும். வாயு அகன்ற பியர் தளர்ந்துவிடும். மதுசாரத்தின் காரம் மேலோங்கும். கசப்பு தொண்டையைச் சுரண்டும். எனவேதான் கீழெல்லை 8, மேலெல்லை 13 என வரையறுத்தேன். ஹொப்ஸ் மணம் ஓங்கிய, மதுசாரம் மிதமான பியர் இவ்வெல்லையின் கீழ்ப்பகுதிக்கு உரியது. வலுவும் இனிமையும் கூடியது மேற்பகுதிக்கு உரியது. ஹொப்ஸ் அதிகமில்லாத இளம்பொன்னிற லாகர் பியரை அதைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகப் பருகுவதில் எனக்கு வழக்கில்லை. அங்கே பூட்டிவைக்க அதிகம் ஒன்றுமில்லை.

இன்னுமொரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். பியரைச் சேமிப்பது வேறு, பரிமாறுவது வேறு. ஹொப்ஸின் நறுமணம் வெப்பத்தில் விரைவாகக் கெட்டுப்போவது. ஆதலால் களஞ்சியத்தில் அதைக் குளிரில் வைத்திருத்தல் சரியே. வெளிச்சமும் அதற்குப் பகையாதலின் கபிலநிறப் போத்தலில் அடைப்பர். ஆனால் களஞ்சியக் குளிரோடேயே குவளையில் ஊற்ற வேண்டும் என்பது, அரிசியை மூட்டையில் வைத்திருப்பதனால் சோற்றையும் மூட்டையிலேயே பரிமாற வேண்டும் என்பது போன்றதாகும்.

அங்ஙனமாயின் இந்த உறைகுளிர் வழக்கம் எங்கிருந்து வந்தது? சமவெளி இந்தியாவில் ஐரோப்பியர் முதலில் வெடியுப்புக் கரைசலிலே போத்தலை அமிழ்த்திக் குளிரவைத்தனர். அதற்கென்றே ஆப்தார் எனப்பட்ட வேலையாள் இருந்தான். 1833ஆம் ஆண்டு அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' என்ற கப்பல், மசச்சூசெற்ஸ் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. ஏற்றியது 180 தொன். கரைந்தது போக வந்துசேர்ந்தது ஏறத்தாழ 100 தொன். 1842ஆம் ஆண்டளவில் சென்னைக் கடற்கரையிலும் டியூடரின் பனிக்கட்டிக் களஞ்சியம் எழுந்தது. பிற்காலத்தில், 1897இல், விவேகானந்தர் தங்கியமையால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்று நிற்கும் கட்டடம் அதுவேயாகும். திருவல்லிக்கேணியின் அப்பகுதியைச் சென்னை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர்.

பூமியின் மறுபாதியிலிருந்து வந்த பனிக்கட்டியைத் தம் குவளையிற் போட்டுக்கொள்ளக் கூடியவர் யாவர்? ஆளும் வர்க்கத்தாரும் அவர்களை அண்டி வாழ்ந்தோருமே. வியர்வை வழியும் பட்டணத்தில் குளிர்ந்த குவளை ஒரு பட்டயம் போல விளங்கிற்று. 1870களில் ஜேர்மனியரான கார்ல் வொன் லிண்டே வடிசாலைகளுக்கென அமைத்த குளிரூட்டும் இயந்திரமும், பின்னர் வீட்டுக்கு வீடு வந்த குளிர்சாதனப் பெட்டியும் அந்தப் பட்டயத்தை மலிவாக்கின. பட்டயம் மலிந்தது, அதன் மீதான மோகம் மலியவில்லை. இன்று நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் மதுசார விளம்பரம் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும், பியர் எவ்வளவு குளிரோ அவ்வளவு உயர்வு என்ற எண்ணம் விளம்பரத்தின் துணையின்றியே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றது.

சமவெளியைப் பொறுத்தவரை இதை ஓரளவு மன்னிக்கலாம். முப்பத்திரண்டு பாகை வெயிலில் நிற்பவர் சுவையை அன்று, ஆறுதலைத் தேடுகின்றார். மலையகத்துக்கு இந்நியாயம் பொருந்துமா என்பதே நமது வினா.

இலங்கையின் பியர் வரலாறு மலையிலேதான் தொடங்கியது. காய்ச்சலிலிருந்து உடல்தேறுவதற்காக 1847இல் நுவரெலியாவுக்கு வந்த சாமுவேல் பேக்கர், 1849ஆம் ஆண்டில் அங்கே வடிசாலையொன்றை நிறுவினார் என்பர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் இவரே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவினது; ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அது பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும்; சில விடியல்களிற் புல்நுனியில் உறைபனியும் படியும். இயந்திரக் குளிர் இல்லாத அக்காலத்தில், மதுவம் அமைதியாக நொதித்து முடிப்பதற்கு வேண்டிய குளிரை மலைக்காற்றே இலவசமாக வழங்கிற்று. கொதிநிலை தாழ்ந்த அவ்வுயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும் என்பதனால், ஹொப்ஸிலிருந்து அதே கசப்பைப் பெறுவதற்குக் கூடுதலாகக் காய்ச்ச வேண்டியிருந்திருக்கும். அவ்வகையில் மலை அந்தப் பியரின் ஐந்தாவது மூலப்பொருள் எனலாம்.

அவ்வடிசாலை நூற்றைம்பது ஆண்டுகளை அண்மித்து மலையிலே இயங்கியது. 1990களின் இறுதியிலே உற்பத்தி களனி ஆற்றை அண்டிய பியகமவுக்கு இறங்கிற்று. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அண்மை என்ற வணிக நியாயம் அதற்கு இருந்திருக்கலாம். 2016 மே மாதப் பெருவெள்ளத்தில் அப்புதிய வடிசாலை மூழ்கி உற்பத்தி நின்றுபோனதும் வரலாறே. நான் குறிக்க விரும்புவது வேறொரு முரண்பாட்டை. மலையின் குளிரை நம்பிப் பிறந்த பானம் இன்று வெப்பச் சமவெளியில் இயந்திரக் குளிரில் வடிக்கப்படுகின்றது. லொறியேறி மீண்டும் மலைக்கு வருகின்றது. இங்கே அதனை வரவேற்க மீண்டுமொரு குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தை விழுங்கியபடி காத்திருக்கின்றது.

ஏப்ரல் மாதத்து 'சீசன்' காலத்தில் நுவரெலியாவுக்குச் செல்வோர் இக்காட்சியைத் தாராளமாகக் காணலாம். கம்பளிச் சட்டையும் காதுவரை இழுத்த தொப்பியுமாக நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், விறைத்த விரல்களால் உறைந்த குவளையைப் பற்றி, "இன்னும் குளிராயில்லையே" என்று பரிசாரகரிடம் முறையிடுவார். பரிசாரகர் பனிக்கட்டியைக் கொண்டுவந்து பியரினுள்ளேயே இடுவார். சாளரத்துக்கு வெளியே நிற்கும் மாலைக் காற்று, கேட்பாரின்றியே சரியான வெப்பநிலையை ஏந்திக்கொண்டிருக்கும்.

'இங்கிலாந்தில் வெதுவெதுப்பான பியர் குடிப்பார்களாம்' என்று நம்மவர் நகைப்பதுண்டு. அந்த நகைப்பு அறியாமையின் நகைப்பு. அங்கே மரபுவழிப் பீப்பாய்ப் பியரின் நிலவறைக்கு விதிக்கப்பட்ட வெப்பநிலை 11 முதல் 13 பாகை. அது வெதுவெதுப்பன்று, நமது மலைநாட்டு மாலைப்பொழுது. வாயு ஏற்றிக் குளிரூட்டிய ஆலைப்பியர் அந்த மரபை விழுங்க வந்தபோது, 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கமொன்று பின்னர் 'காம்ரா' எனப் பெயர்பெற்று நாடளாவிய நுகர்வோர் அமைப்பாக வளர்ந்தது. பருகுவோர் தம் நாவின் தீர்ப்பை ஆலைக்காரரிடம் ஒப்படைக்க மறுத்தமையே அதன் சாரம். நாம் அப்பியரைப் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த மறுப்பைப் பின்பற்றலாம்.

'அறை வெப்பநிலை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைக்கு ஓடுவோரும் உளர். வெளிநாடு சென்று திரும்பிய சிலர், நல்ல பியரைக் குளிரூட்டவே கூடாது எனக் கொழும்பில் உபதேசிப்பர். எவருடைய அறை? கொழும்பு அறையின் 30 பாகையில் ஹொப்ஸ் பியரை ஊற்றுவது, அதைப் பனிக்கட்டியில் புதைப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த குற்றமன்று. அளவை இடத்தோடு பொருத்திப் பாராது வாய்பாடாக ஒப்புவிப்பது, உறைகுளிர்க்காரரின் பிழையை மறுபக்கத்தால் எழுதுவதாகும்.

இவ்விடத்திலே நமது தேயிலையின் சாட்சியத்தை அழைக்கின்றேன். பானத்தின் வெப்பநிலை அற்ப விடயம் என்று சொல்வதற்கு உலகில் எவருக்கு உரிமை இருந்தாலும் அக்கரப்பத்தனைக்காரருக்கு இல்லை. ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தை நோக்கி ஏறும் நமது பள்ளத்தாக்கில், ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலும் பகல் காய்ந்து இரவு குளிர்ந்து காற்று வீசும்போது கொழுந்து தன் உச்ச மணத்தை எய்துகின்றது. திம்புள்ளைப் பிரதேசத் தேயிலையின் 'தரப் பருவம்' எனச் சந்தை அறிவது இதனையே. அந்த மணமும் ஹொப்ஸின் மணத்தைப் போன்றே ஆவிப்பறப்புள்ள சேர்வைகளால் ஆனது. லினலூல் இரண்டிலுமே உண்டு.

தேயிலைச் சுவைஞர் வெப்பநிலையை எவ்வாறு கையாளுகின்றார் என்று பாருங்கள். 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிட ஊறல் என வகுத்து, பின்னர் பால் சேர்ப்பதாயின் சாயம் 65 முதல் 80 பாகையில் இருத்தல் நன்று என்றும் கூறுகின்றது. சுவைஞர் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொள்வதில்லை. சாயம் ஆறும் வரை காத்திருக்கின்றார். நல்ல தேயிலையின் சாயம் முற்றாக ஆறும்போது பாலேடு போலக் கலங்கும். சாயத்தின் திண்மைக்குக் காரணமான சேர்வைகள் கஃபீனோடு இணைந்து பிரிவதனால் ஏற்படும் இக்கலக்கத்தைத் தரத்தின் அறிகுறியாக அவர் குறித்துக்கொள்கின்றார். சூட்டில் மறைந்திருந்த உண்மையை ஆறல் வெளிப்படுத்துகின்றது; பியரில் குளிரில் மறைந்திருந்த உண்மையை இளவெப்பம் வெளிப்படுத்துகின்றது. இருவேறு திசைகள், விதி ஒன்றே. வெப்பநிலையின் பாதிப்பு சுவையோடு நிற்பதுமில்லை. 65 பாகைக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களைப் பருகுதல் மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதாயிருக்கலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது.

ஆயின் இந்தச் சுவையறிவு யாரிடம் இருந்தது? கொழுந்தைக் கொய்தவர் நம் தாய்மார். அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தியவர் நம் தந்தையர். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து உறிஞ்சித் தீர்ப்புச் சொன்னவர் வேறொருவர். லயத்துக்கு வந்தது தூள். கருப்பட்டியையோ சீனியையோ கடித்துக்கொண்டு விடியற் குளிருக்கு மாற்றாக விழுங்கப்பட்ட சாயத்தண்ணி. உழைப்பு ஒருவருக்கு, சுவை மற்றொருவருக்கு என்ற இந்தப் பிரிவினை மதுவிலும் அப்படியே நிலவிற்று. 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப்பைத் தமக்கென நிறுவிக்கொண்ட தோட்டத்துரைமார் அங்கே நிதானமாகச் சுவைத்தனர். தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது சாராயம்; அதன் குத்தகை வருமானம் அரசாங்கத்தின் திறைசேரியை நிரப்பியது. துரைக்குச் சுவை, கூலிக்கு மயக்கம் என்பதே அந்த ஏற்பாடு.

"இது படித்தவரின் சொகுசுப் பேச்சு" என்ற இறுதிக் கண்டனத்துக்கு இங்கேயே விடை உண்டு. சுவையைச் சொகுசு எனக் கருதுவதுதான் துரைமாரின் கொள்கை. உழைப்பவரின் நாவுக்கு நுண்மை தேவையில்லை என்றே அவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தை நாம் முற்போக்கின் பெயரால் மீண்டும் ஒப்புவிக்கின்றோம். ஒரு போத்தல் பியர் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியிற் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அத்தனை விலை கொடுத்தவருக்கு, அதனுள் என்ன இருக்கின்றது என்று அறியும் தகுதி இல்லையா? நான் கூறும் திருத்தத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. உறைய வைத்த குவளை வேண்டாம் என்பதும், பனிக்கட்டி இடாதே என்பதும் செலவை மிச்சப்படுத்தும் கோரிக்கைகளேயாகும்.

நடைமுறை மிக எளிது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை மலையகத்தின் மாலைக் குளிரில் அரைமணி நேரம் மேசைமேல் விட்டுவிடுங்கள். பெட்டியே இல்லாத வீட்டில், நிழலிலுள்ள பீலியின் ஓடும் நீரில் போத்தலை நிறுத்துங்கள். அந்நீர் பதினைந்து பாகையளவுக்கு அதனை இறக்கிவிடும். தை, மாசி இரவுகளில் சாளரத்தின் வெளிவிளிம்பு எஞ்சியதைச் செய்யும். குவளையை விளிம்புவரை நிரப்பாதீர்கள். நுரைக்கும் மணத்துக்கும் இடம் விடுங்கள். முதல் மிடறுக்கு முன்னர் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சூடேறச் சூடேற அதே குவளை எவ்வாறு மாறுகின்றது என்பதை அவதானியுங்கள். அந்தப் பரிசோதனையின் பின்னரும் உறைகுளிரே உயர்ந்தது எனக் கூறுவோரோடு எனக்குச் சண்டையில்லை; அவர்கள் தம் நாவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள். கேட்காமலே சொல்பவரோடுதான் சண்டை.

விடுதி நடத்துவோரிடமும் மதுக்கடைக்காரரிடமும் நமது கோரிக்கை இதுவே: கசப்புப் பியர் விற்பவர் அதனை எத்தனை பாகையிற் பரிமாறுகின்றார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும், கேட்பவருக்குச் சொல்லவும் வேண்டும். சுவையறிவு துரைமாரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. அது எவருடைய சீதனமுமன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அந்நியர் நமது மலைக்காற்றின் பெறுமதியை உணர்ந்து அதிலே ஒரு தொழிலைக் கட்டினார். அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த நாம், அதைச் சாளரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் குளிரைத் தேடுவது தகுமா?